கூச்சத்தோடே கிளம்புங்கள்: மனநல மருத்துவரிடம் முதல் முறை போவதற்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் கீழ்ப்பாக்கம் ஒரு பேட்டையின் பெயர். மற்ற ஊர்களில் அது ஒரு வசை. "இவனைக் கீழ்ப்பாக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்" என்று சொல்லிச் சிரிக்காத டீக்கடை எங்கள் பக்கத்தில் கிடையாது. அங்கிருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் வேர் 1794 வரை போகிறது. இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1871இல். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியம் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரியின் முகவரியே திட்டும் சொல்லாகிவிட்ட நாட்டில், "எனக்கு மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கு எத்தனை மாதம் பிடிக்கும்?

எங்கள் வீட்டில் பதினான்கு மாதம் பிடித்தது. என் அண்ணன் மோட்டார் காயில் கட்டுபவர். பம்புசெட் எரிந்தால் சுற்றுவட்டாரம் முழுக்க அவர் கடைக்குத்தான் வரும். ஒரு கார்த்திகை மாதக் காலையில் கடைக்குப் போனபோது கையில் செம்புக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மாலையில் போனபோதும் அதே முக்காலி, அதே கம்பி. ஒரு சுற்றுகூட ஏறியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு மனநல மருத்துவர் எதிரே அவர் உட்கார்ந்த நாள் வரை ஜோதிடர், தாயத்து, தலை ஸ்கேன், சத்து ஊசி என்று எல்லாம் ஆயிற்று. (அண்ணன் படித்துப் பார்த்து, "கடைப் பெயரைப் போடாதே" என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

அந்தப் பதினான்கு மாதத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு, கூச்சம் போகட்டும் என்று காத்திருந்தது. அது போகவில்லை. மருத்துவமனைக்கு நான்கைந்து முறை போய்வந்த பிறகுதான் போயிற்று. ஆகவே, கூச்சத்தை எப்படி ஒழிப்பது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதையும் கூட்டிக்கொண்டு எப்படிக் கிளம்புவது என்றுதான் சொல்லப்போகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: அவசரம் என்றால்

வீட்டில் ஒருவர் சாவைப் பற்றிப் பேசுகிறார், விடைபெறுவதுபோல் ஒவ்வொருவரிடமும் பேசுகிறார், தன் பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுக்கிறார் என்றால் கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்ய நேரமில்லை. நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்ததாகவே பலரும் உணர்வார்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, வீட்டில் சேர்ந்துபோன மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரில் நாடு முழுக்கத் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கே ஆபத்து என்றால் 108.

முயற்சி நடந்துவிட்ட வீடுகளில், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டு வைத்தியம் பார்ப்பதுண்டு. உயிர் போவது அங்கேதான். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், முயன்றார் என்பதற்காகவே தண்டிக்கும் பழைய பிரிவு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். அதற்குப் பயந்து வீட்டிலேயே நிற்காதீர்கள்.

முதல் படி: பெயர் வைக்காதீர்கள், கண்டதை எழுதுங்கள்

நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. அந்த வேலையை நாம் எடுத்துக்கொண்டால் "சோம்பேறி", "திமிர்", "காற்றுக் கருப்பு", "பைத்தியம்" இவற்றில் ஒன்றுதான் வாயில் வருகிறது. எங்கள் அப்பா வைத்த பெயர், "கடன் பயம்". அண்ணனுக்குக் கடனே இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு விழித்தார், என்ன சாப்பிட்டார், குளித்தாரா, வேலைக்குப் போனாரா, என்ன சொன்னார். சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு. அப்புறம் தூங்கவில்லை. 'என்னால் எல்லாருக்கும் கஷ்டம்' என்று இருமுறை சொன்னார்." எங்கள் நோட்டிலிருந்த இந்த ஒரு வரி, ஸ்கேன் படங்களைவிட மருத்துவருக்கு அதிகம் உதவியது. மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல், இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் கழிந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். யாரும் பேசாதபோதே குரல் கேட்கிறது, சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்கிறார் என்றால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே கிளம்புங்கள். குழந்தை பெற்ற சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு பெண் தூக்கமின்றி, தொடர்பின்றிப் பேசினாலும் அப்படியே, அது அவசரம். "பிரசவ அலுப்பு, சரியாகிவிடும்" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்ற நினைப்புக்கு ஒரு கணக்கு: பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அப்படியானால் பத்தில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டியது. உங்கள் தெருவில் வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்

சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூட்டிப் பேசுவது பாகப்பிரிவினைக்குச் சரி. இதற்குச் சரிவராது. பத்துப் பேரிடம் சொன்னால் பத்து வைத்தியம் வரும், அதில் "கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்பது கட்டாயம் இருக்கும். நோயாளி யார் பேச்சுக்குக் கொஞ்சம் காது கொடுக்கிறாரோ, அந்த ஒருவர் போதும். எங்கள் வீட்டில் அது அண்ணியோ அம்மாவோ இல்லை, ஈரோட்டிலிருக்கும் தாய்மாமன்.

பாதிக்கப்பட்டது நீங்களே என்றாலும் இதேதான். எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. "கொஞ்ச நாளாக முடியவில்லை. டாக்டரைப் பார்க்கணும், கூட வர்றியா?" போதும். கூட வர யாருமில்லை என்றால் தனியாகப் போவதிலும் தடையில்லை. அதற்கு முன் 14416இல் ஒருமுறை பேசிப் பார்த்தால் கால் கொஞ்சம் உறுதிப்படும்.

நோயாளியிடம் எப்படிப் பேச்செடுப்பது? "உனக்கு என்ன குறை? வீடில்லையா, வாசலில்லையா?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "தைரியமாக இரு" என்பதும் அப்படித்தான். கால் முறிந்தவரிடம் நன்றாக நட என்று யாரும் சொல்வதில்லை. தூக்கத்தைப் பிடியுங்கள். "மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறாய், உடம்பு என்னத்துக்கு ஆகும்? தூக்கத்துக்காவது ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்று மாமா சொன்னபோதுதான் அண்ணன் முதன்முறையாகத் தலையசைத்தார். தூக்கம் வரவில்லை என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை.

ஆனால் பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். இதை நான் செய்தேன். மாமா தலையிடுவதற்கு முன்பு, அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அண்ணனைத் துணைக்கு அழைத்துப் போய், நேராக அந்தத் தாழ்வாரத்தில் நிறுத்தினேன். 'மனநலப் பிரிவு' என்ற பலகையை அண்ணாந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்து, பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த இரண்டு மாதம் நான் கொடுத்த தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார்.

மூன்றாம் படி: கோயிலோடும் தர்காவோடும் சண்டை வேண்டாம்

எங்கள் பக்கத்தில் மனசு கலங்கினால் குணசீலம் போவார்கள். பெருமாள் சன்னதியில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் தங்குவார்கள். ராமநாதபுரம் பக்கம் என்றால் ஏர்வாடி தர்கா. அம்மாவும் அண்ணனைக் குணசீலம் கூட்டிப் போனார். படித்த திமிரில் நான் கத்தினேன். இப்போது யோசித்தால் அது வீண் சண்டை. தாயத்துக் கட்டிய பெரியவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். ஸ்கேன் எழுதிய டாக்டர் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சாமி கும்பிடுவதால் எந்த மாத்திரையும் வேலை செய்யாமல் போகாது. வேண்டுதலும் நடக்கட்டும், வைத்தியமும் நடக்கட்டும் என்றால் பெரியவர்களும் மறுக்க மாட்டார்கள். ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களை மனநல மருத்துவர்கள் அங்கேயே பார்த்து மருந்து கொடுக்கும் ஏற்பாடும் பிற்பாடு வந்தது.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்கள் மூன்று: அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய்விட்டவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். ஊர் வாய்க்குப் பயந்து, வேறு வழி தெரியாமல் விட்டவர்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் இன்றைய சட்டம் அனுமதிப்பதில்லை.

நான்காம் படி: யாரைப் பார்ப்பது

நாம் முதலில் ஓடுவது 'நரம்பு டாக்டரிடம்'. நரம்பு என்றால் கௌரவம், மனம் என்றால் அவமானம். வலிப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்குத்தான் நரம்பியல் மருத்துவர். மனச்சோர்வு, மனப்பதற்றம், மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை), இருமுனைக் கோளாறு (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது), குடியிலிருந்து மீள்வது எல்லாம் மனநல மருத்துவரின் வேலை. சிறு நகரங்களில் சில மனநல மருத்துவர்கள் பலகையில் 'நரம்பு மற்றும் மனநலம்' என்று எழுதி வைத்திருப்பார்கள். சிலருக்கு இது ஏமாற்றாகத் தெரியலாம். எனக்கு அது கருணையாகவே படுகிறது. அந்த ஒரு சொல்லுக்காகப் படியேறுகிறவர்கள் உண்டு.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநலத்தில் எம்.டி. போன்ற படிப்பு முடித்தவர்; மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. 'கவுன்சலிங்' என்று பலகை மாட்டிய எல்லாரும் இந்த இரண்டில் ஒருவர் அல்லர்.

செலவுக்குப் பயந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் முதல் மாவட்டம் திருச்சி. இன்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரையும் அங்கேயே இலவசம். உங்கள் ஊருக்கு அருகில் எந்தக் கிழமை புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்பதை அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கோ 14416க்கோ பேசிக் கேளுங்கள். மனச்சிதைவு போன்ற நீண்டகால நோய்களுக்குச் சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பும் உண்டு. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளராக இருந்த முதல் பெண்மணி அவர்.

சொந்த ஊரில் பார்க்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள். யாரும் தப்புச் சொல்லப்போவதில்லை. மாதாமாதம் போக முடிகிற தூரமா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: அந்த நாள்

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் (நாட்டு மருந்து உட்பட), அந்த நோட்டு. அதோடு சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீரும். அரசு மருத்துவமனை என்றால் எட்டு மணிக்குள் புறநோயாளிச் சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கடினம். நாங்கள் போன முதல் நாள், எதிர் பெஞ்சில் எங்கள் தெரு ரேஷன் கடையில் எடை போடுபவர், தன் மனைவியோடு. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உடனே இருவரும் சுவரிலிருந்த காசநோய் விளம்பரத்தை மும்முரமாகப் படிக்கத் தொடங்கினோம். இரண்டு மணி நேரம் படித்தோம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

உள்ளே என்ன கேட்பார்கள்? தூக்கம், பசி, வேலை, குடி, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, சாக வேண்டும் என்று தோன்றியதா, காதில் குரல் கேட்கிறதா. தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதலாம். நோயாளி தனியாகப் பேச விரும்பினால் கூட வந்தவர்கள் வெளியே போய்விடுங்கள். அவர் எழுந்திருக்கும் முன் நீங்கள் எழுந்திருங்கள். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பதும் அவருக்குச் சட்டப்படி உள்ள உரிமை.

திரும்பும் முன் நாலு கேள்வி கேட்டுவிடுங்கள்: இது என்ன நோய், இந்த மாத்திரை எத்தனை நாளில் வேலை செய்யும், என்ன தொந்தரவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும். முதல் மருத்துவர் ஒத்துவராவிட்டால் இன்னொருவரைப் பாருங்கள். துணிக்கடையில் நாலு கடை ஏறி இறங்குகிற நாம் இங்கே மட்டும் ஒரே அனுபவத்தில் முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆறாம் படி: மாத்திரை

பெரும்பாலானவர்கள் நழுவுவது இங்கேதான்.

மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை போல அன்றே கேட்காது. இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதாவது தொந்தரவு முந்தி, பலன் பிந்தி. இது தெரியாமல் நான்காம் நாளே தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம். படபடப்பு கூடிக்கொண்டே போனாலோ, குறிப்பாக இளம் வயதினருக்குச் சாகும் எண்ணம் தலைதூக்கினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"பழகிவிடும், ஆயுசுக்கும் விட முடியாது" என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் ஆல்பிரசோலம், குளோனாசெபாம் போன்றவை பழக்கமாகக்கூடியவை. அதனால்தான் அளந்து, குறைந்த நாட்களுக்கு எழுதுகிறார்கள். மனச்சோர்வு மாத்திரைகள் அந்த வகை போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் சட்டென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், முழுக்கக் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை தொடரச் சொல்வது வழக்கம். அண்ணன் மூன்றாம் மாதம் தங்கையின் கல்யாண வேலையில், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்திவிட்டார். ஆடி முடிவதற்குள் மறுபடியும் அந்த முக்காலி, அந்தக் கம்பி. திரும்ப முதலிலிருந்து.

இருமுனைக் கோளாறுக்கும் மனச்சிதைவுக்கும் கணக்கு வேறு, ஆண்டுக்கணக்கில் போகலாம். லித்தியம் என்ற மருந்தை எழுதியிருந்தால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இதிலும் கூச்சம் கூடவே வரும். எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது, பள்ளிப் புத்தகம்போல் பழுப்பு அட்டை போட்டு. ஆஸ்பத்திரியில் இல்லாத ஒரு மாத்திரைக்காக, அடுத்த தெருவில் மெடிக்கல் ஷாப் இருக்க, பஸ் ஏறிப் பதினெட்டுக் கிலோமீட்டர் போய் வாங்கி வந்தேன். அப்படியே இருங்கள், பரவாயில்லை. ஒளித்து வைத்துச் சாப்பிட்டாலும் மாத்திரை வேலை செய்யும். ஒரே ஓர் எச்சரிக்கை: மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

ஏழாம் படி: நாலு பேர்

கேட்கிறவர்களுக்கெல்லாம் வரலாறு சொல்ல வேண்டாம். "உடம்பு முடியவில்லை, வைத்தியம் நடக்கிறது" என்பது முழு உண்மை. அதற்கு மேல் கேட்பது அவர்கள் வம்பு. பணியிடத்திலும் விடுப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சொன்னால் போதும்.

கல்யாணம் மட்டும் தனி. நோயை மறைத்துக் கட்டி வைப்பது இரண்டு பேருக்குச் செய்கிற துரோகம். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளிக்க வழியில்லாமல் நிறுத்தி, மூன்றாம் மாதமே நோய் திரும்பிய பெண்களின் கதை எந்த மனநல மருத்துவரிடமும் இருக்கும். சிகிச்சையில் இருப்பதாலேயே ஒருவர் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் மறைத்தது தெரியவந்தால் அதை வைத்தே வழக்கு வரலாம். பேச்சு முடிவாகும் முன் சம்பந்தப்பட்ட இருவரும் நேரில் பேசிக்கொள்ளட்டும்.

மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. பாலிசி எடுக்கும்போது அந்தப் பத்தியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நோய் நீண்டு வேலைக்கே போக முடியாத நிலை என்றால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் மனநோயும் அடங்கும். அந்த அட்டையை வாங்கவும் கூச்சம் வரும். பஸ் சலுகையும் உதவித்தொகையும் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

பார்த்துக்கொள்கிறவருக்கும் ஓர் ஆள் வேண்டும். அண்ணி ஓராண்டு முழுக்கத் தாய்வீடு போகவில்லை; அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்த பிறகே எங்களுக்கு அது உறைத்தது. வாரத்தில் ஒரு நாள் வேறு யாராவது முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணன் இப்போது கடை திறக்கிறார். எல்லா நாளும் இல்லை. மழைக்காலம் வந்தால் கொஞ்சம் தள்ளாடுகிறது, மருத்துவர் அளவைக் கூட்டிக் குறைக்கிறார். பழுப்பு அட்டை கிழிந்துபோயிற்று, புதிதாகப் போடவில்லை. நோட்டு ரேஷன் அட்டையோடு டிவி மேல் கிடக்கிறது. போன வாரம் சர்க்கரை வாங்கப் போனபோது எடைக்காரர் தராசிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டார்: "வர்ற செவ்வாய் நான் முதல் பஸ்ஸுக்குப் போறேன் தம்பி. அண்ணனுக்கும் சேர்த்து வரிசையில் இடம் பிடித்து வைக்கட்டுமா?"